ஆயிரமாவது தொற்றில்லா நாள்

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் வழக்குப் போடுவார்கள். சொல்லாவிட்டால் விளம்பரம் போச்சே என்று வருத்தப்படுவார்கள். வருத்தப்படட்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திப் பெரியாளான தரணீதரன் கட்டியது அது. கம்பெனி எப்படி நடக்கிறதோ அப்படியே ஆஸ்பத்திரியும் நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை தொங்குமே, அதேபோல ஆஸ்பத்திரி வாசலில் 'தொற்று இல்லாத நாட்கள்' என்று பெரிய மின்பலகை வைத்தார். தினமும் காலை ஆறு மணிக்கு அதில் ஓர் எண் கூடும். குறைந்ததை யாரும் பார்த்ததில்லை. குடல் முறுக்கிக்கொண்ட முத்துப்பேச்சியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்த அன்று 989 என்று எரிந்தது.

முத்துப்பேச்சி ஓவர்லாக் மெஷின் டெய்லர். கணவன் பெருமாள்சாமி வேலம்பாளையத்தில் வேறொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். தைத்த சட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, துணியில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பெருமாள்சாமியின் வேலை. பதினெட்டு வருடம் இதைச் செய்ததில் எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற கண் அவனுக்கு வந்துவிட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் காலரைப் பார்ப்பான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அரையடிக் குடலை வெட்டியெடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். வயிற்றின் மேல் போட்ட தையலைப் பெருமாள்சாமி குனிந்து பார்த்து, இடைவெளி ஒரே சீராக இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னான். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து முத்துப்பேச்சிக்கு மூன்று வகை ஆன்டிபயாடிக் ஏறியது. எதற்கு மூன்று என்று கேட்டான்.

"எங்களுதுல எல்லாருக்கும் மூணுங்ணா," என்றாள் நர்ஸ். "வந்ததுக்கு ஒண்ணு, வரப்போறதுக்கு ஒண்ணு, போர்டுக்கு ஒண்ணு."

பலகையில் 995 எரிந்த காலையில் முத்துப்பேச்சிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தண்ணீராகப் போனது. சாதாரண நாற்றமில்லை, கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போய் நின்றது. திருப்பூரில் எதையும் டஜனில் எண்ணுவார்கள். முத்துப்பேச்சிக்கும் அந்தப் பழக்கம். சாயங்காலம் படுக்கையில் சரிந்தபடி சொன்னாள்: "ஏங்க, ஒரு டஜன் ரெண்டு ஆயிட்டு. தையல் விட்டுரும்போல இருக்கு."

ஒவ்வொரு தடவையும் பெருமாள்சாமி அவளைத் தாங்கிப் பிடித்து, தையலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே கக்கூசுக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்தபோது நர்ஸ் சார்ட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தான். 'இரண்டு முறை. சற்றே இளகியது. நோயாளிக்குத் திருப்தி' என்றிருந்தது.

"சிஸ்டர், பதினாலு தடவ போயிருக்கா. ரெண்டுன்னு எழுதுதீக?"

நர்ஸ் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூணுக்கு மேல போட்டா கம்ப்யூட்டர் செவப்பாயிருமுங்ணா. செவப்பாச்சுன்னா அனு மேடம் வருவாங்க."

"வரட்டும். அவங்களத்தான் நா பாக்கணும்."

அனுப்பிரியா அந்த ஆஸ்பத்திரியின் குவாலிட்டி மேனேஜர். முன்பு தரணீதரனின் பனியன் கம்பெனியில் அதே வேலையில் இருந்தவர். டாக்டருக்குப் படித்தவரில்லை. ஆனால் டாக்டர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். பெருமாள்சாமி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்ணா, வெளிய இருந்து என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல மேடம். உங்க கஞ்சியத்தான் குடிக்கா."

"எங்க கஞ்சி ஐஎஸ்ஓ கஞ்சிங்ணா. அதுல போகாதுங்க."

"இங்க வந்த பொறவுதான் போகுது. எதாவது கிருமியா இருக்கும். ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிருமே?"

அனுப்பிரியா பொறுமையாகச் சிரித்தார். "அந்த டெஸ்ட் நம்ம லேப்ல இல்லீங்ணா. முன்னாடி வெச்சிருந்தோம். அப்பெல்லாம் பாசிட்டிவா வந்துட்டே இருந்துச்சுங்க. அப்பறம் அந்த டெஸ்ட்டையே தூக்கிட்டோம். தூக்குனதுக்கப்பறம் பாருங்க, ஒண்ணுகூட வரலை."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் பெருமாள்சாமியைக் கலக்கியது. அவர் இவனை நம்பவில்லை என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் இரண்டு செக்யூரிட்டிகள் வந்து கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார்கள். பாதி மேரி பிஸ்கட் ஒன்று கிடைத்தது. அதை இடுக்கியால் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி, பக்கத்துக் கட்டிலில் இருந்த பழனாத்தாளிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

பழனாத்தாள் மடத்துக்குளத்துக்காரர். தோட்டம், மாடு என்று இருந்தவர். அவருக்கும் குடலில்தான் ஆபரேஷன், அவருக்கும் மூன்று பாட்டில். ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான்.

"கையெழுத்துப் போடறேன் கண்ணு," என்றார். "எனக்கும் மூணு நாளா வகுறு கழண்டுட்டுப் போகுதே. நானும் அந்தப் பிஸ்கோத்தத்தான் தின்னேன்னு அதுலயே சேத்தி எழுதிப்போடு."

செக்யூரிட்டி அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. விசாரணை அறிக்கையில், பிஸ்கட்டின் மற்றப் பாதியைப் பழனாத்தாள் தின்றிருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த நாள் அதே மாடியில் இன்னும் ஐந்து பேருக்குப் போக ஆரம்பித்தது. அந்த அரைப் பிஸ்கட்டை ஏழு பேர் பங்கிட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை திருத்தப்பட்டது. ஏழு பேரிடமும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கினார்கள்.

997 அன்று முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது. 998 அன்று வயிறு உப்பியது. கண் உள்ளே போய்விட்டது. உதடு வெடித்து, பேசினால் ரத்தம் கசிந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அவள் எதையாவது எண்ணாமல் விட்டு பெருமாள்சாமி பார்த்ததே இல்லை. செத்துப்போய்விடுவாளோ என்று அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆபரேஷன் செய்த டாக்டரைத் தேடினான். ஆயிரமாவது நாள் விழாவுக்கு அவர் குத்துவிளக்கு ஏற்றும் ஒத்திகையில் இருந்தார். மெழுகுவர்த்தி அணையாமல் நடப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப டிஸ்சார்ஜாவது பண்ணுங்க மேடம். வேற எங்கயாவது பாத்துக்கிடுதேன்," என்று அனுப்பிரியாவிடம் போய் நின்றான்.

"காரணம் போடோணுமேங்ணா. லிஸ்ட்ல நாலுதான் இருக்குதுங்க. குணம், நல்ல குணம், பூரண குணம், வெளிநாட்டுப் பயணம்."

"பூரண குணம்னு போட்டு விட்டுருங்க."

"நடந்து போனாத்தானுங்ணா பூரண குணம். வாசல்ல கேமரா இருக்குதுங்க."

முத்துப்பேச்சியால் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைக்க முடியவில்லை.

999 அன்று தரணீதரனே வார்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மறுநாள் தரச் சான்றிதழ்க் குழுவின் முன்னால் பேச வேண்டியதை நோயாளிகளுக்கு முன்னால் பேசிப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். எழுந்து உட்கார முடிந்தவர்களை உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னார்கள்.

"நான் டாக்டருக்குப் படிக்கலீங்க," என்று தொடங்கினார். "ஆனா முப்பது வருசம் சரக்கு அனுப்பியிருக்கறனுங்க. டிஃபெக்ட்ன்னா என்னங்க? செக்கிங்காரன் கண்ணுல படறதுதானுங்க டிஃபெக்ட். மத்த ஆஸ்பத்திரியில தேடித் தேடிப் பாக்கறாங்க, அதனால அவங்களுக்குத் தொத்து இருக்குதுங்க. நாங்க நோயாளிங்களைச் சந்தேகப்பட்டு டெஸ்ட் எடுக்கறதில்லீங்க. நம்பறோம். ஆயிரம் நாளா நம்பிட்டு இருக்கறமுங்க."

பலத்த கைதட்டல். பழனாத்தாள் மட்டும் தட்டவில்லை, அவர் பெட்பேன் மேல் இருந்தார்.

பேசி முடித்து தரணீதரன் ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கிய ஜெல் பாட்டிலை அமுக்கிக் கையில் தேய்த்துக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜெல் இருக்கும். எத்தனை முறை அமுக்கினார்கள் என்று எண்ணுகிற மெஷினும் அதில் இருந்தது. கை கழுவுகிற தொட்டியில் மட்டும் குழாயைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் தாமரை வைத்திருந்தார்கள். தண்ணீர் சிந்தினால் ஆள் வழுக்கி விழுவான், வழுக்கி விழாத நாட்களுக்கென்று தனியாக ஒரு பலகை இருந்தது.

ஆயிரமாவது நாள் காலை எட்டு மணிக்கு அனுப்பிரியா பட்டுச்சேலையில் வார்டுக்கு வந்தார். மல்லிகைப்பூ வாசனை கொஞ்ச தூரம்தான் தாக்குப்பிடித்தது.

"இன்னைக்கு உங்களுக்கெல்லாம் ஆத்தங்காத்துத் தெரபிங்க. கொமரலிங்கத்துல அமராவதி ஆத்தோரமா. வகுத்துக்கு ரொம்ப நல்லதுங்க. லஞ்ச் முடிஞ்சு கூட்டிட்டு வந்தர்றோம்."

"மேடம், இவளால உக்காரக்கூட முடியாது," என்றான் பெருமாள்சாமி.

"அதுக்குத்தானுங்ணா சீட்டைக் கழட்டி மெத்தை போட்டிருக்குது."

ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி வேன் ஒன்று பின்வாசலில் நின்றது. ஆறு பேரை அதில் படுக்கவைத்து, ஆளுக்கொரு வாளி கொடுத்தார்கள். கூட ஒருவர்தான் வரலாம் என்றதில் பெருமாள்சாமி மற்றவர்களை முந்திக்கொண்டு ஏறிவிட்டான். பழனாத்தாளை மட்டும் தூக்க முடியவில்லை. தொட்டால் கத்தினார். "அவங்களுக்கு இங்கயே தெரபி," என்று அனுப்பிரியா சொல்ல, கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய் சலவைத்துணி அடுக்குகிற அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வேனில் ஏற்றுவதற்காகத் தள்ளிக்கொண்டு போகும்போது முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள்.

வேன் டிரைவர் ராபின், நாசரேத்துப் பக்கத்துப் பையன். அனுப்பிரியா அவனிடம் சொன்னது பெருமாள்சாமி காதில் விழுந்தது. "போன் வர்ற வரைக்கும் எங்கயும் நிறுத்தாதீங்க. யாரு கேட்டாலும் நமக்குத் தெரியாதுன்னு சொல்லிருங்க."

அது பெருமாள்சாமியின் வாக்கியம். அவன் கம்பெனியில் வெளிநாட்டு ஆடிட்டர் வருகிற நாளில் கழித்துப்போட்ட சட்டைகளையெல்லாம் டாடா ஏஸில் ஏற்றி, ஆடிட்டர் சாப்பிட்டுக் கிளம்பும்வரை பல்லடம் ரோட்டில் சுற்றவிடுவார்கள். ஏற்றி அனுப்புகிற வேலை அவனுக்கு. இதுவரை ஒன்பது முறை அனுப்பியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் டிரைவரிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறான். அதில் ஒரு தவறும் அவனுக்குப் படவில்லை, இவ்வளவுக்கும் கோளாறு கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முத்துப்பேச்சியின் கண் மேலே செருகியது. பெருமாள்சாமி அவள் கன்னத்தைத் தட்டினான். பதில் இல்லை. கை ஐஸாக இருந்தது.

"ராபினு, வண்டியத் திருப்பு. திருப்பூர் பெரியாஸ்பத்திரிக்கு விடு."

"அண்ணாச்சி, என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாவ. இன்னும் போன் வரல."

"வராதுடா. ஆடிட்டர் தின்னு முடிக்க மூணு மணி ஆவும். நானே ஒம்பது வண்டி அனுப்பிருக்கேன், எனக்குத் தெரியாதா? சட்டைன்னா சுத்திட்டுத் திரும்ப வந்துரும். இவ என் பொண்டாட்டிடா!"

ராபின் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான். அடுத்த பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பினான்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அபிராமி வேனின் பின்கதவைத் திறந்தவுடனே, பெயர் கேட்பதற்கு முன்னால், "எத்தனை நாளா இப்படிப் போகுது? என்ன ஆன்டிபயாடிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"மூணு குடுத்தாக டாக்டர். அஞ்சு நாளாப் போகுது."

அபிராமி நர்சைக் கூப்பிட்டு, ஆறு பேருக்கும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, ஆறு பேரின் மலத்தையும் டெஸ்ட்டுக்கு அனுப்பினார். வேலையைப் பார்த்துக்கொண்டே பெருமாள்சாமிக்கு விளக்கினார். குடலுக்குள் நல்ல கிருமிகளும் குடியிருக்கும். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொட்டினால் அவையெல்லாம் செத்துவிடும். காலியான இடத்தில் ஒரு பொல்லாத கிருமி ஏறி உட்கார்ந்து விஷத்தைக் கக்கும். கையில், கட்டிலில், பெட்பேனில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போகும்.

"எங்க பாத்தாலும் ஜெல் வச்சிருந்தாக டாக்டர்," என்றான்.

"ஜெல்லுக்கு இது சாகாதுங்க. சோப்புப் போட்டுத் தேய்ச்சு, குழாய்த் தண்ணியில கழுவணும். முதல்ல நீங்க போய்க் கழுவிட்டு வாங்க."

அவன் கழுவிக்கொண்டு வந்தபோது, பழைய மூன்று ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திவிட்டு, ஊசிமருந்து ஒன்றைத் தண்ணீரில் கலந்து முத்துப்பேச்சியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அபிராமி சீட்டில் ஒரு நீளமான பெயரை எழுதியிருந்தார். பெருமாள்சாமிக்கு அதைப் படிக்க வரவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்த்தான். இந்த வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை ஒரு டாக்டர் மசியால் எழுதியிருக்கிறார் என்பதிலேயே அவனுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்கு டெஸ்ட் முடிவு வந்தது. ஆறில் ஐந்து பேருக்கு அதே கிருமி. முத்துப்பேச்சி கண் திறந்து, தண்ணீர் கேட்டாள். ஐந்து மணிக்கு, ராபினிடம் போனில் விசாரித்துக்கொண்டு அனுப்பிரியா வந்தார், கையில் லட்டு டப்பாவும் ஒரு படிவமும் இருந்தன. சான்றிதழ் கிடைத்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த முடிவுத்தாளைப் படித்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஏனுங்ணா, நல்லா இருந்தவங்களை இங்க கூட்டிட்டு வந்து தொத்து வாங்கிக் குடுத்துட்டீங்களே!"

"இங்க வந்து எட்டு மணி நேரங்கூட ஆகல மேடம். அங்க அஞ்சு நாளா இப்படிப் போயிட்டுக் கெடந்தா."

"அங்க டெஸ்ட்டே எடுக்கலியேங்ணா, எப்படிச் சொல்றீங்க? இதுல ஒரு டிக் மட்டும் அடிச்சுக் குடுங்க."

படிவத்தில் 'தொற்று ஏற்பட்ட இடம்' என்று போட்டு மூன்று கட்டங்கள் இருந்தன: வீடு, பயணம், அரசு மருத்துவமனை. பெருமாள்சாமி தாளை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தான். நான்காவது கட்டம் எங்கேயும் இல்லை.

"டிக் அடிச்சாலும் இவங்களத் திருப்பி எடுக்க முடியாதுங்ணா," என்று அனுப்பிரியா சேர்த்துச் சொன்னார். "எங்களுது தொத்து இல்லாத ஆஸ்பத்திரிங்க."

அப்போது கட்டிலிலிருந்து முத்துப்பேச்சி கூப்பிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "ஏம்மா, பழனாத்தா எங்க?"

"யாருங்க்கா?"

"எம் பக்கத்துக் கட்டிலு. மடத்துக்குளத்து அம்மா. துணி ரூம்புக்குள்ள தள்ளிட்டுப் போனீகளே. அவுகளுக்கும் இந்த வியாதிதான் இருக்கும். மருந்து குடுத்தீகளா?"

அனுப்பிரியா கையிலிருந்த டேப்லெட்டைத் தடவிப் பார்த்தார். "அப்படி யாரும் எங்க லிஸ்ட்ல இல்லீங்க்கா."

"நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டனுங்க. ஆடிட்டுக்கு முன்னாடி லிஸ்ட்டைச் சுத்தம் பண்ணிட்டோம். அந்தப் பேர்ல எங்களுதுல யாரும் அட்மிஷனே ஆகலீங்க."

சட்டையைக்கூட இப்படிச் செய்ததில்லையே, அதற்கும் ஒரு சீட்டாவது இருக்குமே என்று பெருமாள்சாமி நினைத்தான். முத்துப்பேச்சி தலையை அனுப்பிரியா பக்கம் திருப்பினாள். பிறகு கேட்டாள்.

"உங்க ஆஸ்பத்திரியில அப்படி ஒரு ஆளே இல்ல. அப்படித்தான?"

"இல்லவே இல்லீங்க்கா."

"அப்பம் இல்லாத ஆளத் தூக்கிட்டு வந்துட்டா உங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சிராதுல்லா? ஏங்க, ராபின் தம்பியக் கூட்டிட்டு உடனே போங்க."

அனுப்பிரியா வாயைத் திறந்தார். தடுத்தால் ஆள் இருக்கிறது என்றாகும். தடுக்காவிட்டால் ஆள் போய்விடும். இரண்டுக்கும் படிவத்தில் இடமில்லை. வாயை மூடிக்கொண்டார்.

பழனாத்தாள் துணி அறையில், மடித்த போர்வை அடுக்குகளுக்கு நடுவில், நனைந்த கட்டிலில் கிடந்தார். உயிர் இருந்தது. பெருமாள்சாமியும் ராபினும் விரிப்போடு சேர்த்துத் தூக்கி வேனில் கிடத்தினார்கள். வாசலில் செக்யூரிட்டி மறித்து, நோயாளியை வெளியே கொண்டுபோகப் பாஸ் எங்கே என்று கேட்டார். நோயாளியே இல்லை என்றான் ராபின். செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்தார், பழனாத்தாள் முனகினார். சந்தேகப்பட்டு அனுப்பிரியாவுக்குப் போன் போட்டார்.

"வண்டியில யாரும் இல்லீங்க," என்றது போனில் அனுப்பிரியாவின் குரல். "சீக்கிரம் விடுங்க."

அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. அபிராமி ஒரு கையால் நாடி பிடித்துக்கொண்டு, மறுகையால் சீட்டை எடுத்து, "பாட்டி, உங்க பேர் என்ன?" என்று கேட்டார். பழனாத்தாளால் தலையைத் தூக்க முடியவில்லை. டாக்டரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பழனாத்தாளுங்க. மடத்துக்குளம். நல்லா அழுத்தி எழுது கண்ணு, அழிச்சுப்போடுவாங்க."